தெற்குச் சுவரில் சிவந்த முகம்

படத்தில் அப்பாவின் மீசையைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஓரம் ஒன்று கசிந்திருந்ததை ஓர் ஐப்பசிக் காலையில் பார்த்தேன். மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டைச் சுற்றி வயல், வயல் முழுக்கத் தண்ணீர். உள்ளே தீப்பெட்டிகூட நமுத்துக் கிடந்தது.

அப்பா இறந்த அன்று பூமாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. சித்தப்பா கிருமாம்பாக்கம் ரோட்டு ஸ்டூடியோவுக்கு ஓடி, அப்பாவின் போனில் இருந்த ஒன்றை இங்க்ஜெட் பிரிண்டரில் பிரிண்ட் போட்டு, மை உலர்வதற்குள் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து வாங்கி வந்தார். பிறகு அந்த போன் பம்புசெட் தொட்டியில் விழுந்து செத்தது. வேறு இருந்தது கல்யாணப் படம் ஒன்றுதான்; அதில் இருப்பவர் எனக்குத் தெரியாத ஒரு மெலிந்த இளைஞர். எனக்குத் தெரிந்த அப்பா இந்த ஒரு தாளில்தான் இருந்தார்.

பாக்கெட் அச்சடிக்கும் ஆலை ஒன்றில் நிறச் சோதனை செய்வது என் வேலை. இங்க்ஜெட்டின் சாய மை தாளின் மேல்பூச்சுக்குள் தங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு அதைக் குடிக்கும், சாயம் நகரும். கறுப்புக்குள் இருக்கும் சிவப்பு தனியே ஓரத்துக்கு ஊரும். நகர்ந்த சாயம் திரும்பி வராது.

பயந்தால் வரிசைப்படுத்துவது என் பழக்கம். ஒன்று, மீசை ஓரம். இரண்டு, சட்டையின் நீலம் வெள்ளைப் பின்னணியில் இறங்கியிருந்தது. மூன்றாவதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஒரு திட்டு நனைந்ததுபோல் கறுத்து மின்னியது. அந்த இடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

அம்மாவுக்கு இருந்தது வேறு பயம். அப்பா நெல் வைத்த நிலத்தை அந்த வருடம் கரும்புக்குக் குத்தகை விட்டிருந்தோம்.

"மூஞ்சி செவக்குது பாருடி. உங்கப்பாக்குக் கோவம்."

ஈரம்தான் காரணம், வேறு சுவருக்கு மாற்றலாம் என்றேன். இறந்தவர் படம் தெற்குச் சுவரில்தான் இருக்க வேண்டும் என்றார் அம்மா. எங்கள் வீட்டில் சாரல் அடித்து ஓதம் ஏறும் சுவர் அது ஒன்றுதான்.

வருஷ திதிக்குச் சாமான் வாங்கித் தந்துவிட்டுப் போக சித்தப்பா வந்தார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க ஆணிகளைக் கழற்றியிருந்தார். கையில் காய் நறுக்கும் கத்தி.

"இவ்ளோ படிச்சிட்டு ஒரு போட்டோவ கண்ணாடிலேந்து பேக்கத் தெரியல உனுக்கு. ஓரமா வுட்டு நெம்புனா வந்துடும்."

"வேணாம் சித்தப்பா. நெத்தி கண்ணாடியோட போயிடும்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மாதான் எழுந்து போய் அவர் கையிலிருந்த கத்தியை வாங்கினார். "வுட்ருபா" என்று மட்டும் சொன்னார்.

பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். சாய்த்து, நிமிர்த்தி, என் நிழல் விழாமல், பலமுறை. கம்ப்யூட்டரில் ஏற்றிச் சிவப்பைக் குறைத்தேன். நெற்றி சரியானதும் கன்னம் பச்சையடித்தது. கன்னத்தைச் சரிசெய்தால் முகம் சாம்பலானது. ஆலையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூல நிறம் எப்போதும் பக்கத்தில் இருக்கும். இங்கே அது இல்லை. கண்ணை மூடினேன். சிவந்த படம்தான் வந்தது, அப்பா வரவில்லை. ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"அப்பா இன்னா கலரும்மா?"

அம்மா திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த முகம் நினைவில் வரவில்லையோ என்று பயந்தேன். பிறகு என் கையைப் பிடித்துத் திரையருகே கொண்டுபோனார்.

"உன் கை கலருதான். கழனிக்குப் போய்ட்டு வந்தா இன்னும் கொஞ்சம் கருப்பு."

என் கையை மூல நிறமாக வைத்து, அதிலிருந்து கொஞ்சம் கறுப்பேற்றி முடித்தேன். புதிய பிரிண்ட்டை ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, கண்ணாடியைத் தொடாமல் ஓரங்களில் அட்டை கொடுத்துப் புதுச் சட்டத்தில் போட்டு, அதன் பின்னால் பாட்டில் மூடிகளை ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி மாட்டினேன். தெற்குச் சுவரில்தான். திதிக்கு வந்தவர்கள் அப்படியே இருக்கிறார் என்றார்கள். அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

பழையது கண்ணாடியோடு துணி சுற்றி பீரோவில் இருக்கிறது. இந்த மழைக்கு அதில் சாயம் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். துணியைப் பிரித்துப் பார்க்க எனக்கும் அம்மாவுக்கும் தைரியம் வரவில்லை.