தேள் படம் போட்ட கிளாஸ்

தினமும் ரயிலில் பெங்களூர் போய் நான் வேலை பார்க்கும் கடையில் கண்ணாடிச் சாமான்கள் விற்கிறோம். போன வருஷம் ஒரு தினுசு டம்ளர் வந்தது. பழைய காலத்து வெள்ளைக்காரப் புத்தகங்களில் கையால் வரைந்த வண்டு, தேள், விட்டில் படங்களை அப்படியே கண்ணாடியில் ஏற்றியிருந்தார்கள். ஆறு டம்ளர் கொண்ட ஒரு பெட்டியில் அச்சு கோணலாக விழுந்திருந்ததால் எனக்கே கொடுத்துவிட்டார்கள். ரயில் கூட்டத்தில் மடியிலேயே வைத்து, தங்கச் சுரங்க ஊரான எங்கள் ஊரிகம் வரை பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

பிரித்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள்.

“இன்னாடி இது? வாய் வெச்சுக் குடிக்கிற கிளாஸ்ல தேளு!”

“படம்தாம்மா. பெங்களூர்ல இதுக்கு அடிச்சிக்கிறாங்க.”

“இன்னாவோ போ. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெக்காத. ஏர்பிளாஸ்ட் வந்தா மொத்தமும் போயிடும்.”

பூமிக்கடியில் பாறை வெடித்து நிலம் ஆடுவதைத்தான் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் கண்ணாடி, பீங்கான் எதை அடுக்கினாலும் நடுவே துணி செருகுவார்கள். சத்தம் கேட்டுவிட்டால் பெண்கள் கதவைச் சாத்தாமல், செருப்பு மாட்டாமல் சுரங்கத்துக்குள் இறங்கும் வாயான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். கீழே போனவர்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். அப்பாவுக்காக அம்மா அப்படி எத்தனையோ முறை நின்றவள். பிறகு மைன்ஸ் மூடியது. அப்பா நுரையீரல் கெட்டு வீட்டுக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு இப்போது காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது. நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்குத்தான் திமிர். மைன்ஸே இல்லை, ஏர்பிளாஸ்ட் எங்கிருந்து வரும்? ஆறு படமும் வரிசையாகத் தெரியும்படி அலமாரியில் ஒட்டி ஒட்டி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கட்டிலில் தூங்க, நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். காலடியில் தரை ஒரு உதறு உதறியது. உள்ளே ஆறு கிளாஸும் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டன. விழுந்தடித்து ஓடினேன். எங்கே? அலமாரிக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை, அப்பாடா என்று திரும்பினால் கட்டிலில் அம்மா இல்லை. தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது.

ஷாஃப்டுக்குத்தான் போயிருப்பாள். பழைய ஷாஃப்டைச் சுற்றிய கம்பிவேலி ஓரிடத்தில் பிய்ந்து கிடக்கும். வாயை மூடியிருந்த பலகைகள் எப்போதோ மக்கிவிட்டன. உள்ளே எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. ஐயோ, ஐயோ என்று வாய்விட்டு அலறிக்கொண்டே நானும் வெறுங்காலோடு ஓடினேன்.

வேலிக்கு உள்ளே நின்றிருந்தாள். பலகைக்கும் அவளுக்கும் நாலு அடிகூட இல்லை. கூப்பிட்டால் திடுக்கிட்டு முன்னால் கால் வைத்துவிடுவாள். மெல்லப் போய் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்தேன்.

“கேஜு இன்னும் வர்லடி,” என்றாள். “உங்கப்பா டே ஷிப்டு.”

“வந்துட்டாரும்மா. வேற ஷாஃப்ட்ல ஏறி வந்துட்டாரு. வீட்ல இருக்காரு, வா.”

அந்தப் பொய்யைச் சொன்னதும் முகம் மலர்ந்து என்னை முந்திக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்து கட்டிலைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“எங்கடி?”

அவள் காலில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

மூடிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறினாலும் பாறை வெடிக்குமாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மறுநாளே கிளாஸ்களை நியூஸ்பேப்பரில் சுற்றிப் பெட்டியில் போட்டேன். இரண்டு நாள்கூடப் போகவில்லை, பயம் அதிகமாகிவிட்டது. கிளாஸ் அடித்துக்கொள்ளும் சத்தம் இல்லாவிட்டாலும் அம்மாவின் காலுக்கு நடுக்கம் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் போகும். பெட்டியைத் திறந்து தேளையும் விட்டிலையும் மட்டும் எடுத்தேன். இப்போது நான் வீட்டில் எங்கே வேலை செய்தாலும் அவை கூடவே வருகின்றன, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியபடி. கிணுங்கென்றால் கிளாஸைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக வாசலுக்கு ஓடுகிறேன்.