அக்கரைக்குக் கேட்காத கூவல்

திங்கட்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஜெஸீமா கிண்ணியாத் துறையில் தோணி ஏறினாள். அக்கரை போய், இரவு ரயிலில் கொழும்புக்கு, பாராளுமன்ற உறுப்பினரைப் பார்க்க. தண்ணீர் வெயிலைக் குடித்துவிட்டு அசையாமல் கிடந்தது.

முந்திய மாரியில் இதே துறையில்தான் அவளுடைய தங்கை ஸல்ஹா பிள்ளை வலியோடு பாயில் கிடந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில். பொழுதுபட்டால் தோணியும் அக்கரையில். தோணிக்காரரின் வீடு அங்கே. இக்கரையில் நின்று கைகளைக் குவித்துக் கூவினால் வருவார். அதுதான் ஊர் வழக்கம். அன்று ஜெஸீமா தொண்டை கிழியக் கூவினாள். வாடைக்காற்று அந்தக் குரலைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் காலடியிலேயே போட்டது. ஸல்ஹா விடியலைப் பார்க்கவில்லை.

துணைக்கு வந்த தம்பி சரீப் வழியெல்லாம் பாடம் நடத்தினான்.

"ராத்தா, எம்பிக்கு முன்னால அழுதுராதீங்க. அழுதா கண்ணத் துடைக்க லேஞ்சியக் குடுத்து அனுப்பிருவாங்க."

"அழாட்டி?"

"தேத்தண்ணியக் குடுத்து அனுப்புவாங்க."

ஸல்ஹா போனபிறகு அன்றுதான் ஜெஸீமா சிரித்தாள். ரயிலின் ஆட்டத்தில், எதிர் ஆசனத்தில் ஸல்ஹா இருந்து தலை பின்னிக்கொண்டிருப்பது போலிருந்தது. கேட்கவேண்டியதை அவளுக்கே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்நாளில் பாராளுமன்றம் கடலோரத்தில் இருந்தது. உறுப்பினர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, "பகல்ல கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே, தங்கச்சி?" என்றார்.

சரீப் அவளுடைய காலை மிதித்தான். ஜெஸீமா எழுந்தாள். கைகளைக் குவித்தாள்.

"ஓ... ஓய்! தோ...ணீ!"

நீண்ட விறாந்தையில் தட்டச்சு ஓசைகள் நின்றன. காவலர் ஓடிவந்தார். சரீப் கண்ணை மூடிக்கொண்டான். யன்னலுக்கு வெளியே கடல் மட்டும் பதில் சொல்வதுபோல் இரைந்தது.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தாள். குரல் இப்போது தணிந்திருந்தது.

"இப்பிடித்தான் அண்டைக்குக் கூப்பிட்டனான், சேர். வலி பகலப் பார்த்து வாறதில்ல. நாங்க பாலம் கேக்க வரல்ல. பொழுதுபட்டா ஒரு தோணியும் ஓட்ட ஒரு ஆளும் எங்கட கரையில நிக்கோணும். அவ்வளவுதான்."

உறுப்பினர் காவலரைப் போகச் சொன்னார். பேனாவை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"கேட்டிச்சு," என்றார்.

வெளியே வந்ததும் சரீப், "லேஞ்சியும் இல்ல, தேத்தண்ணியும் இல்ல. நல்லதுதான் போல, ராத்தா," என்றான்.

மாரிகள் வந்து போயின. ஜெஸீமா மூதூரில் வாழ்க்கைப்பட்டு, தையல் மெஷினோடு இருந்தாள். பொழுதுபடும்போது மட்டும் கை தானாக நிற்கும். காது கிண்ணியாப் பக்கம் போகும்.

ஒருநாள் கிண்ணியா மீன் வியாபாரி லாபிர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"உங்கட பழைய பக்கத்து வீட்டு நபீஸா சொல்லச் சொன்னா. முந்தநாள் இரவு அவக்கு வலி கண்டு துறைக்குக் கூட்டிப் போனாங்களாம். தோணி எங்கட கரையிலதான் நிண்டுச்சாம். பொம்பிளப் புள்ள. ஆரும் கூவல்லையாம்."