மூன்றாம் முறை போட்ட ஊசி

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம், காலை ஆறு இருபது. எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் மூலையில் பெட்டைக் குதிரை பின்னங்காலைத் தூக்கியபடி நின்றது. முள்கம்பி கிழித்த காயம் வீங்கியிருந்தது. முந்தைய நாள் நான்கு பேர் கயிற்றோடு துரத்தியும் சிக்கவில்லை. அன்றும் ஊசி போடாவிட்டால் பிழைக்காது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊசி போட, தாராபுரத்திலிருந்து கம்பவுண்டர் மொபெட்டில் வந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் மட்டும் நரை. “ஏனுங்க அம்மணி, வாங்க” என்று குதிரையைக் கூப்பிட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி கழித்து அது அவர் தோளை முகர்ந்தது. கழுத்தில் கயிறு போட்டார், தடவிக் கொடுத்தார், கயிற்றைக் கழற்றி விட்டுவிட்டார்.

நான் பதறினேன். “சிக்குனதைப் போயி உட்டுப்போட்டீங்களே!”

“புடிச்சாலே வலிதான்னு நெனச்சுட்டிருக்குதுங்க. அப்படியில்லீன்னு காட்டோணும்ங்க.”

“அதுக்காகக் குதிரைக்கு வாங்க போங்கவா?”

“காரியம் ஆகோணும்ங்கறது நமக்குத்தானுங்களே!”

இரண்டாம் முறை பத்தே நிமிடத்தில் வந்தது. அப்போதும் விட்டுவிட்டார். மூன்றாம் முறை, அவர் கூப்பிடாமலே வந்து நின்றதும் ஊசியைப் போட்டார்.

நான் நன்றி சொல்லிக் கைகூப்பினேன். “அவங்களுக்குச் சொல்லுங்க” என்று குதிரையைக் காட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

வேலிப் படல்வரை குதிரை நொண்டியபடியே அவர் பின்னால் போயிற்று.