ஹாரன் இல்லாத ஸ்கூட்டர்

இதைப் படித்துவிட்டு நான் கதை விடுகிறேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கதை விட நேரமில்லை. தூங்கவே நேரமில்லை. என் முழங்காலில் தையல் போட்ட தடம் இருக்கிறது, என் மகளின் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. இரண்டும் எப்படி வந்தன என்பதைத்தான் எழுதுகிறேன். பேய்க்குப் பயப்படுகிற ஆளும் நான் இல்லை. எங்கள் வீட்டில் பயப்படும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டிருந்தார். கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறிவிடுவார். அவர் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார்.

ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் எனக்கு இரவு வேலை. மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவில் விட்டு மடித்து அடுக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு விடுவார்கள். மகளுக்கு ஐந்து வயது. வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இரவில் அவள் என் அக்கா வீட்டில் தூங்குவாள். அக்கா ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். ஆனால் முதல் பஸ்ஸே ஐந்து ஐம்பதுக்குத்தான். தினமும் நான் ஓடிப் போய்ச் சேரும்போது, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு பூட்டும் கையுமாக வாசலில் நிற்பாள். ஒருநாள் சொல்லியே விட்டாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஏற்பாடு பண்ணிக்கோ. உன்னால என் வேலை போயிடும்."

வேறு ஏற்பாடு எனக்கு ஏது? வேலையை விட்டால் வாடகை கொடுக்க வழியில்லை. வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அதனால்தான் பழைய ஸ்கூட்டர் ஒன்று தேட ஆரம்பித்தேன்.

விற்றவர் ஓர் அடுக்குமாடி வீட்டுக்காரர். வண்டி கீழே வாகன நிறுத்தத்தில், ஒரு தூணுக்குப் பின்னால், உறை போட்டு நின்றது. சின்ன வண்டி, முன்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட். நான் பேரம் பேசினால் காய்கறிக்காரரே கண் கலங்குவார். ஆனால் இவர், சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டபோதும் சரி என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

அவர் வண்டியைத் தொடவே இல்லை. உறையை நான்தான் உருவினேன். இடது பக்கக் கண்ணாடி சாலையைப் பார்க்காமல், உள்பக்கமாகத் திரும்பிக் கீழே குனிந்திருந்தது.

"ஹாரன் கிடையாது. கழட்டிட்டேன்" என்றார்.

போட்டுக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பிறகு, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். ஐந்து வயதில் ஒன்று இருக்கிறது என்றேன். சாவியை நீட்டிய கை அப்படியே நின்றது.

"முன்னாடி நிக்க வைக்காதீங்க" என்றார். "பின்னாடியே உக்கார வைங்க."

நல்ல புத்திமதிக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் அரைத் தூக்கத்தில் தூக்கி வரும் ஐந்து வயதுப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தால் மூட்டை மாதிரிச் சரிந்துவிடும். மறுநாளே வாண்டை முன்னால், என் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிற்க வைத்துத்தான் கூட்டி வந்தேன்.

தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். கண்ணாடியை நேராக்கி, ஸ்பேனர் போட்டு முறுக்கினார். முன்பக்கத்தைத் திறந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாரன் இருக்க வேண்டிய இடம் காலி. ஒயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை, அறுத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. யாராவது இப்படி அறுப்பார்களா என்று கேட்டார். சம்பளம் வரட்டும், புதிதாகப் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் சில நாட்கள் சுகமாகப் போயின. அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அதன்பிறகுதான் கண்ணாடியைக் கவனித்தேன். ஆஸ்பத்திரியில் கிளம்பும்போது சரியாக வைப்பேன். பாலம் தாண்டுவதற்குள் அது உள்பக்கம் திரும்பியிருக்கும். பின்னால் வரும் வண்டி தெரியாது. என் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடம்தான் தெரியும். மெக்கானிக் மறுபடி முறுக்கினார். மறுபடி திரும்பியது. ஆட்டத்தில் கழன்றுகொள்கிறது என்று நினைத்தேன்.

அப்புறம் என் கால்கள். ஆஸ்பத்திரி வாட்ச்மேன்தான் அதைச் சொன்னார். "ஏம்மா, தனியா வரும்போதும் கேஸ் சிலிண்டர் ஏத்திட்டு வர்ற மாதிரியே காலை அகட்டி ஓட்டுற?" என்று சிரித்தார். குனிந்து பார்த்தேன். முழங்கால்கள் இரண்டும் விரிந்திருந்தன. சேர்த்து வைத்தேன். அடுத்த திருப்பம் வருவதற்குள் தாமாகவே விரிந்துகொண்டன. நடுவில் யாருக்கோ இடம் விடுவது போல.

அக்கா வீட்டுக்குப் போகவும் அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பவும் ஒரே வழிதான். அதில் கிடங்குகளின் மதில் சுவரை ஒட்டி ஒரு நீளமான சாலை உண்டு. விளக்குகள் தூரம் தூரமாக இருக்கும். இரவு முழுக்க நின்று வேலை பார்த்த உடம்புக்கு அந்தச் சாலைதான் எமன். கண் திறந்துதான் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பீப்.

திடுக்கிட்டு விழித்தேன். வண்டி சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. எதிரே லாரி விளக்கு. ஒடித்துத் திருப்பினேன். உயிர் போய் உயிர் வந்தது. யார் ஹாரன் அடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சாலை காலியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கண் சொருகியது. பீப். அடுத்த வாரம் மறுபடியும். பீப்... பீப். சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. என் வண்டியிலிருந்துதான் வந்தது. ஹாரனே இல்லாத வண்டியிலிருந்து.

பயந்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. நான் தூங்கும்போது மட்டும்தான் அது அடிக்கிறது. விழித்திருந்தால் சத்தமே இல்லை. பேயோ பிசாசோ, என்னைக் காப்பாற்றத்தானே செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சலவைப் பிரிவில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போனபோது அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். களைப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதான் எழுப்பிவிட ஆள் இருக்கிறதே.

ஒருநாள் காலை, அக்கா வீட்டிலிருந்து வரும்போது வாண்டு சிணுங்கினாள்.

"தள்ளி நிக்கச் சொல்லும்மா. எனக்கு இடமே இல்ல."

"யாரை?"

அவள் கண் இடது பக்கக் கண்ணாடியில் இருந்தது.

மறுநாள் அவள் விளையாட்டாக ஹாரன் பொத்தானில் கை வைத்தாள். வைத்த வேகத்தில் சுட்டதுபோல எடுத்துக்கொண்டாள்.

"நான் அடிக்கக் கூடாதாம்மா. அது அவனோட வேலையாம்."

யார் என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டியை விற்கப் பார்த்தேன். ஒருவர் வந்து, தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தே போனார். வாண்டைத் துப்பட்டாவால் என் இடுப்போடு கட்டிப் பின்னால் உட்கார வைத்தேன். பாதி வழியில் தூங்கிச் சரிந்தாள். நல்லவேளை, கையில் பிடித்துவிட்டேன். பஸ்ஸில் போகலாம் என்றால் அக்காவின் பூட்டு கண்முன் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மறுபடியும் அவளை முன்னால்தான் நிற்க வைத்தேன்.

அன்று பனி. இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன். அக்கா வீட்டில் வாண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஆறு அடிக்க ஐந்து நிமிடம்.

மதில் சுவர்ச் சாலை வந்தது. கண் சொருகியது. நான் பயப்படவில்லை. பீப் என்று கேட்கும், விழித்துக்கொள்வேன் என்று இருந்தேன்.

கேட்கவில்லை.

இமையைத் தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது. வண்டி ஓடுவது தெரிந்தது. என் முழங்கால்களுக்கு நடுவில் வாண்டு நிற்பது தெரிந்தது. அவளை ஒட்டி, சில்லென்று இன்னொரு முதுகு என் முழங்காலில் சாய்ந்திருந்ததும் தெரிந்தது.

அந்த முதுகு மெதுவாக ஏறி இறங்கியது.

தூங்குகிற மூச்சு.

பிரேக்கை அழுத்த நினைத்தேன். விரல் அசையவில்லை. கத்த நினைத்தேன். வாய் திறக்கவில்லை. இமைக்கிடையில் நூல் அளவு வெளிச்சம். அதில் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

கண்ணாடியில் ஒரு முகம்.

வாண்டு இல்லை.

ஒரு பையன். ஹேண்டில்பார்மேல் கன்னத்தை வைத்து... கண்ணை மூடி... வாய் லேசாகத் திறந்து...

"எழுப்புடா" என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவன் எழவில்லை.

லாரியின் இரைச்சல். நெருங்கியது.

இன்னும் நெருங்கியது...

பீஈஈஈஈஈப்!

கண் திறந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. இடப்பக்கம் ஒடித்தேன். சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி, இருவரும் தூக்கி எறியப்பட்டோம். லாரி நிற்காமல் போய்விட்டது.

வண்டி சாய்ந்து கிடந்தது. யாரும் தொடாமலேயே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

தவழ்ந்து போய் வாண்டை அள்ளினேன். தாடையில் ரத்தம். அவள் அழவில்லை. தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் தூங்கிட்டான்மா. அதான் நான் அடிச்சேன்."

மெக்கானிக் வண்டியை மறுபடி திறந்து பார்த்தார். அறுத்த ஒயர் அறுத்தபடியே இருந்தது. டேப்கூடப் பிரியவில்லை.

முழங்காலில் கட்டோடு அந்த அடுக்குமாடிக்குப் போனேன். வாண்டை அழைத்துப் போகவில்லை. அவள் அக்காவிடம் இருந்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். கதவைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார்.

"பாப்பா?" என்றார்.

இருக்கிறாள் என்றேன். அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவிக்கும் இரவு வேலையாம். மகனை உறவினர் வீட்டிலிருந்து விடியற்காலையில் அழைத்து வருவாராம். பையனுக்கு ஆறு வயது. அம்மா தலை சாய்ந்தால் ஹாரன் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் விழித்திருக்கிறானா என்று பார்க்கத்தான் கண்ணாடியை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தார் அந்த அம்மா. ஒருநாள் இருவருமே தூங்கிவிட்டார்கள். அம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். பையன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"அப்பதான் நான் அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றார். "உனக்கு ஒரே ஒரு வேலைதானடா... அதக்கூட செய்யாம தூங்கிட்டியேன்னு கேட்டுட்டேன்."

கட்டுப் போட்ட காலை நீட்டி நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அதுக்கப்புறம் அவன் கண்ண மூடவே இல்லம்மா. உயிர் போனப்பவும் மூடல."

அதன்பிறகு தினமும் விடியற்காலையில் கீழே ஹாரன் அடித்ததாம். அதனால்தான் ஒயரை அறுத்தாராம். வண்டியையும் சாவியையும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. வாண்டிடம் சத்தியமாகச் சொல்லவில்லை.

இப்போது பஸ்ஸில்தான் போகிறேன். விழுந்து அடிபட்டதைப் பார்த்து அக்காவே இரக்கப்பட்டு, காலையில் வாண்டைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வாண்டு தூங்குவதில்லை.

இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள் என்று அக்கா சொல்கிறாள். டாக்டர் மருந்து கொடுத்தார். பயனில்லை. காலையில் நான் வந்து படுத்தால், என் தலைமாட்டில் வந்து உட்கார்கிறாள். என் கண் சொருகும் நேரம் பார்த்து, கட்டைவிரலால் என் தோளை அழுத்துகிறாள்.

அழுத்தும்போதெல்லாம் எனக்குக் கேட்கிறது.

பீப்.

நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அம்மா வண்டி ஓட்டலடா, வீட்டுலதான் இருக்கேன், நீ தூங்கு என்று கெஞ்சினேன். சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரே ஒரு வேலைதானம்மா" என்றாள்.