சமுத்திர சேவையில் தரிசனம் கேட்டவர்கள்

காசு கட்டி வேலை செய்ய வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பெரும்பாலும் எதையும் காட்டாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் என் தொழில். டிராவல்ஸ் ஆபீசிலோ சுற்றுலா பஸ்ஸிலோ குப்பை கொட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எனக்கு ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் நட்டு முடுக்கினேன். ஒரே இடத்தில் நிற்க எனக்குக் கால் தரிக்காது. அதை விட்டுவிட்டுத் திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். காலையில் காணிப்பாக்கம், மத்தியானம் காளஹஸ்தி, சாயங்காலம் திருச்சானூர் என்று பக்தர்களை ஏற்றி இறக்குகிற வேலை. அதுவும் அலுத்து, எங்கே ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹேமலதா மேடம் ஆபீசுக்கு வந்தார்.

பெயர் வைத்த படலம்

மேடம் நம் பக்கத்துக் கடலில் டால்பின், திமிங்கலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். படகில் உட்கார்ந்து நாலா பக்கமும் பார்த்து, கண்ணில் பட்டதைக் குறித்துக் கொடுக்க அவருக்கு ஆட்கள் வேண்டும். வருகிறவர்கள் கட்டுகிற காசில்தான் படகுக்கு டீசல். எங்கள் முதலாளி முனிரத்தினத்துக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "காசையும் குடுத்து வேலையும் செய்வானா? எவன்யா அவன்?" என்றார். மேடம் யோசித்துவிட்டு, "மலைக்கு சேவைக்குப் போறாங்களே சார், சொந்த செலவுல வந்து சாப்பாடு பரிமாறல? அந்த மாதிரிதான்" என்றார். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது.

இரண்டொரு நாளில் வாசலில் பேனர் ஏறியது. 'சமுத்திர சேவை' என்று எழுத்து. பின்னால் ஏழுமலை, முன்னால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு திமிங்கலம் துள்ளிக்கொண்டிருந்தது. அது பேனர் கடைக்காரர் இன்டர்நெட்டில் பிடித்தது, நம் கடலில் லேசில் தென்படாத ஜாதி. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். துரத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, தொடக் கூடாது, கண்ணில் பட்டால் என்ஜினை அணைத்துவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே 'காட்டுகிறோம்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. மலையில் சேவை செய்தால் முடிகிறபோது தரிசனம் உண்டு என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். சீட்டு எடுத்தவர்கள் எல்லோரும், "சேவை சரி, தரிசனம் எப்போ?" என்று கேட்டார்கள். இரண்டு மூன்று நடை வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஆபீசில் சண்டை போட்டதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மாங்காய் சீசன் தொடங்குகிறவரை கெடு. அதற்குள் வருகிறவர்கள் கண்ணில் ஒழுங்காக மீன் படாவிட்டால் இந்த ட்ரிப் கிடையாது, நான் மறுபடியும் காணிப்பாக்கம் பஸ். "அது மீன் இல்ல சார்" என்றேன்.

"கண்ணுலயே படாததுக்குப் பேரு எதுவா இருந்தா இன்னா?" என்றார்.

எம்.எல்.ஏ. கடிதம்

படகு புறப்படுகிற இடம் நாயுடுபேட்டையைத் தாண்டி, கடற்கரையில் ஒரு மீனவர் குப்பம். விடியலில் போய்ச் சேர்ந்தால்தான் கடல் அடங்கி இருக்கும். ஒருநாள் புத்தூர்க் காண்ட்ராக்டர் ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார். எல்லோரும் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் தனியாக நின்று, "இங்க இன்சார்ஜ் யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். எம்.எல்.ஏ.வின் சிபாரிசுக் கடிதம். இவருக்கும் குடும்பத்தாருக்கும் நல்லபடியாகத் தரிசனம் செய்துவைக்கும்படி முத்திரையோடு கேட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வேலை போகும். படகோட்டி சீனய்யாவைப் பார்த்தேன். அவர் கடிதத்தை மரியாதையாக வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடல்ல வி.ஐ.பி. பிரேக் லேதண்டி. எல்லாரும் ஒரே க்யூதான்" என்று திருப்பிக் கொடுத்தார். காண்ட்ராக்டர் கொஞ்ச நேரம் மணலைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியாக ஓரம் கட்டிக் கேட்டார்.

"ஏம்ப்பா, கலெக்டர் லெட்டர் கொண்டாந்தா ஒத்துக்குவாங்களா?"

லட்டு

அந்த மாதத்தில் உருப்படியாக டால்பின் கண்ணில் பட்ட நாள் ஒன்று வந்தது. தூரத்தில் இரண்டு முதுகு. சீனய்யா என்ஜினை அணைத்தார். படகே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வாலாஜாவிலிருந்து வந்த ஒரு அம்மா மடியை அவிழ்த்தார். உள்ளே மலை லட்டு. நான் எழுந்து ஓடுவதற்குள் பாதி லட்டு உதிர்ந்து கடலில் விழுந்துவிட்டது. முந்திரியும் கற்கண்டும் தண்ணீருக்குள் இறங்கிப் போயின.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஒருமுறை கையால் தின்னப் பழகினால் அவை படகைத் தேடி வரும், வலையில் மாட்டும், என்ஜினில் அடிபடும் என்று விளக்கினார். தீனி போடக் கூடாது என்று புறப்படும்போதே சொன்னோமே அம்மா என்று நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்ச லட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவரைத் திட்டினதில் எனக்கே மனசு சங்கடமாகிவிட்டது. அதற்குள் முதுகுகளும் மறைந்துபோயின.

"தீனின்னு யாரு போட்டா? பிரசாதத்த எதிருல இருக்கறவங்களுக்குத் தராம நான் மட்டும் எப்படிப்பா துன்றது?" என்றார்.

சுன்னா

படகில் வேலை என்ன என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்க வேண்டும். மேடம் குரல் கொடுக்கும்போதெல்லாம், எத்தனை தெரிந்தது என்று தாளில் எழுத வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டால் சுன்னா, அதாவது பூஜ்யம், போட வேண்டும். எங்கே இருக்கின்றன என்பது போலவே எங்கே இல்லை என்பதும் ஆராய்ச்சிக்கு முக்கியம் என்பார் மேடம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். காலை முழுக்க வெயிலில் உட்கார்ந்து சுன்னாவாகப் போட்டுப் பார்த்தால் தெரியும். என் கால் தன்பாட்டுக்கு ஆட ஆரம்பித்துவிடும், பக்கத்தில் இருப்பவர் என்னை முறைப்பார்.

சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிற பரந்தாமன் என்பவர் ஒருநாள் வந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவருடைய தாளில் வரிசைக்கு வரிசை ஒன்று, ஒன்று, ஒன்று. அன்று நான் எதையும் பார்க்கவில்லை, அவர் பக்கம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதலாளிக்கு விஷயம் எட்டியதும் துள்ளிக் குதித்தார். பேனர் ஓரத்தில் 'தினமும் தரிசனம்' என்று ஒட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்து மேடம் மற்றவர்கள் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, போனில் பரந்தாமனிடமே கேட்டார். மனிதர் ஒளிக்கவே இல்லை. கல்யாணத்தில் மொய் வைத்தால்கூட ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற கை அது. "படிக்கிற பொண்ணு கையில வெறும் சுன்னாவா எழுதிக் குடுத்தா விளங்குமாம்மா? நல்லதுக்குத்தான் ஒண்ணு சேர்த்துப் போட்டேன்" என்றார். அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குப் போனது.

முதலாளிக்கு இது தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ட்ரிப் பிழைக்கும். அரை நாள் ஆபீசுக்கும் டீக்கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். வருகிறவர்களிடம் 'தினமும் தரிசனம்' என்று சொல்லி சீட்டுப் போட நாக்கு எழவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் ஒட்டியதைத் தன் கையாலேயே கிழித்தார்.

"உன் வேலைய அந்தாளு காப்பாத்திக் குடுத்தான். நீ போயி அதைக் கெடுத்துக்கினு வந்து நிக்கறே" என்றார்.

கரையில் கிடந்தது

அரக்கோணத்துப் பெண் சங்கீதா, ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. லீவு நாளில் வருவாள். என்னைவிட மோசமாகக் கால் தரிக்காத ஜென்மம். முதுகு தெரிந்த மறு நிமிஷம், "கிட்ட போலாம் அண்ணா, கொஞ்சம் விரட்டிக்கினு போனாதான் போட்டோ வரும்" என்று சீனய்யாவின் உயிரை எடுப்பாள். மேடம் முடியாது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அன்று நாங்கள் படகு ஏறவே இல்லை. குப்பத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு டால்பின் ஒதுங்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள். மேடம் வனத்துறைக்கு போன் போட்டுவிட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். உயிர் இல்லை. முதுகில் வரிசையாக வெட்டு. கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மேடம் அளக்க, டேப்பின் மறுமுனையைச் சங்கீதா பிடித்தாள். நாய்களை விரட்டுவது என் வேலை. படகு விசிறி வெட்டியது போலத்தான் இருக்கிறது, செத்த பிறகு பட்டதா முன்னாலேயா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மேடம். அவ்வளவு நாளும் இந்த ட்ரிப்பை என் வேலையாக மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வேனில் ஏறும்போது சங்கீதா என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, இனிமே நான் விரட்டச் சொன்னா என்னைப் படகுலேந்து எறக்கி வுட்டுடு."

முதலாளி படகேறினார்

சித்தூர் மண்டியில் முதல் மாங்காய் லாரி வந்துவிட்டது என்று சேதி வந்த வாரம், முதலாளி தானே வருகிறேன் என்று கிளம்பினார். கண்ணில் பட்டால் ட்ரிப் இருக்கும், படாவிட்டால் அன்றோடு சரி. நாயுடுபேட்டையில் நிறுத்தி பூரி, மேலே ஒரு வடை, அதற்கு மேலே பில்டர் காபி. படகு ஆடும் சார் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் மலைக்கு வண்டி ஓட்டினவன்டா" என்றார். கூட மேடமும், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குடியாத்தத்துப் புருஷன் பெண்டாட்டியும்.

வெகு நேரம் ஒன்றுமில்லை. எழுதினதெல்லாம் சுன்னா. பிறகு குடியாத்தத்து அம்மா பேசாமல் கையை மட்டும் நீட்டினார். சீனய்யா என்ஜினை அணைத்தார். ஓடுகிற படகைவிட நிற்கிற படகுதான் அதிகம் புரட்டும். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு இடது பக்கம் குனிந்தார். பூரி, வடை, காபி எல்லாம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அதே நேரம் வலது பக்கம், நாங்கள் கூப்பிடாமலே, அவை வந்தன. புஸ்ஸென்று மூச்சு. சாம்பல் நிற முதுகு, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று கேட்காதீர்கள். மொட்டைத் தலைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவை படகைத் தாண்டிப் போயிருந்தன. "எங்க? எங்க?" என்றார். தூரத்தில் தண்ணீர் கலங்கியது. "சீனய்யா, போனி! வெனகால போனி!" என்று, பின்னாலேயே விடச் சொல்லித் தெலுங்கில் கத்தினார். சீனய்யா என்ஜினைக் கிளப்புகிற கயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். என் வேலை அந்தக் கயிற்றில்தான் இருந்தது. "இழுக்காத சீனய்யா" என்றேன். "கரையில நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன் சார். இங்க விரட்டக் கூடாது. குட்டி வேற கூடப் போவுது." முதலாளி என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் பாத்துட்டீங்களேடா!" என்றார்.

கரைக்கு வருவதற்குள் மனசுக்குள் காணிப்பாக்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆபீசில் அவர் என்னை எதிரில் உட்காரவைத்து, எப்படி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வாசல்வரை போய், பேனரைப் பார்த்துவிட்டு வந்து, குட்டி எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டார். சொன்னேன். மறுபடி வாசலுக்குப் போனார். அந்த மனிதருக்கும் கால் தரிக்கவில்லை.

"காணிப்பாக்கம் பஸ்ஸுக்கு வேற ஆளு பாத்துக்கறேன். நான் பாக்கற வரிக்கும் இந்த ட்ரிப்பு நிக்கக் கூடாது. வர்ற வாரம் எனக்கு ஒரு சீட்டு போடு" என்றார்.

அவர் வாரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். ஆக, டால்பின் காட்டிப் பிழைக்கிற நான் இன்று ஏழுமலையானிடம் கேட்பதெல்லாம், அது ஊரில் உள்ள எல்லோர் கண்ணிலும் படட்டும், எங்கள் முதலாளி கண்ணில் மட்டும் பட்டுத் தொலைக்கக் கூடாது என்பதுதான்.