என் பெண்சாதி வைத்த பானை

என் பெண்சாதியை வேலைக்காரி என்று சொன்னேன். முதலில் இதை எழுதிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் அது சாட்சி ஆகாது.

சபையில் வாயால் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். சபையைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். எழுதியாவது கொடு என்றார் போதகர். நான் படித்தது நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேவசகாயம். பிறந்தது திண்டுக்கல் பக்கம்தான். ஆறு வயதில் அப்பா என்னைப் பர்மாவுக்குக் கூட்டிப் போனார். யுத்தத்தில் அப்பா இறந்தார். நான் ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கி ஆளானேன். அங்கேயே மா டின் என்ற பர்மாக்காரப் பெண்ணைக் கட்டினேன். ஞானஸ்நானம் எடுத்து எஸ்தர் ஆனாள். ஒரு பையன் பிறந்தான். எட்டு மாதத்தில் போய்விட்டான். அங்கேயே புதைத்தோம்.

1964ல் நம் ஆட்களுக்கு அங்கே பிழைக்க வழியில்லாமல் போயிற்று. எல்லோரும் கப்பல் ஏறினார்கள். நானும் ஏறினேன். அவள் ஏற வேண்டியதில்லை. அது அவள் நாடு. அவளைப் பெற்றவள் கரையில் நின்று அழுதாள். பெற்றவளையும் விட்டு, பிள்ளையின் குழியையும் விட்டு எஸ்தர் என் பின்னால் ஏறினாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் என் அக்கா இருந்தாள். அத்தான் இறந்து இரண்டு வருடம். ஒரே மகள், ரோஸ். வாடகை வீடு. முன்னறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். நான் மண்டியில் மூட்டை தூக்கப் போனேன்.

எனக்கே இது புது நாடுதான். பேசினால் சிரித்தார்கள். கைலியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். வேட்டிக்கு மாறினேன். பேச்சை மாற்றினேன். மூன்று மாதத்தில் என்னைப் பர்மாக்காரன் என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிட்டேன். அவள்தான் பக்கத்தில் நின்று என்னைக் காட்டிக்கொடுத்தாள். அவள் முகம் அப்படி. நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். இரண்டு ஞாயிறு கோயிலுக்குக் கூட்டிப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் ஞாயிறு, "நீ வீட்ல இரு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

அவளும் முயன்றாள். சேலை இடுப்பில் நிற்காது. கயிறு கட்டி நிறுத்தினாள். புளி கரைக்கக் கற்றாள். முகத்தில் சந்தனம் போல ஒரு பட்டையை அரைத்துப் பூசுவாள், அதையும் விட்டாள். ஒன்றை மட்டும் விடவில்லை. பானை.

அவள் நாட்டில் வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். போகிறவன் வருகிறவன் குடிப்பான். யார் என்று கேட்பதில்லை. பானை இல்லாத வீடு அவளுக்கு வீடு இல்லை. வந்த வாரமே சந்தையில் ஒரு மண்பானை வாங்கிவிட்டாள். மூன்று கவட்டைக் கம்பு கட்டி முக்காலி செய்தாள். மூடியின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தாள். கழுத்தில் ஒரு முழம் பூச் சுற்றினாள். வாசலில் வைத்தாள்.

தண்ணீருக்கு இந்த ஊரில் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அவள் குழாயடிக்கு இரண்டு நடை கூடப் போனாள்.

தெரு சிரித்தது. "ஏலே சகாயம், தண்ணிப் பந்தல்லாம் போட்டுட்ட. எலெக்சன்ல நிக்கப் போறியா?" என்று கேட்டார்கள். "சின்னம் பானைச் சின்னமா அப்பு?" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

பானையை விடப் பெரிய குற்றம் கொட்டாங்குச்சி. நாம் அண்ணாந்து குடிப்போம். அவர்கள் வாய் வைத்துக் குடிப்பார்கள். அவள் வாய் வைத்துக் குடித்துவிட்டு அதே கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பாள். வண்டிக்காரன் குடித்தான். பிச்சைக்காரன் குடித்தான். தெருக் கூட்டுகிறவரும் குடித்தார்.

அக்கா அழுதாள். "எச்சில் வித்தியாசம் தெரியாதவளக் கூட்டியாந்திருக்கியேடா. எனக்குக் கட்டிக் கொடுக்கப் பொண்ணு இருக்கு."

1965 சித்திரையில் ரோஸுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. தொப்பம்பட்டிப் பக்கம். தோட்டம் உள்ள குடும்பம். நம் சபைக்காரர்கள்தான். அத்தான் இல்லாததால் தாய்மாமன் நான் முன்னால் நிற்க வேண்டும். அவர்கள் வருகிற அன்று காலையில் அக்கா என் கையைப் பிடித்தாள். "இன்னிக்கு ஒரு நா மட்டும் அவ உன் பொண்டாட்டின்னு சொல்லாத. அந்த மூஞ்சியப் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. பேசி முடியட்டும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் வெயிலில் வந்தார். வாசலில் பானையைப் பார்த்தார். மொண்டு அண்ணாந்து குடித்தார். "நல்ல தண்ணீங்க. வயிறு குளுந்துபோச்சுங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

காப்பி குடிக்கும்போது ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். தெருக் கூட்டுகிறவர் நின்று குடித்துக்கொண்டிருந்தார். வாய் வைத்து. எஸ்தர் பக்கத்தில் நின்று இன்னும் ஒரு கொட்டாங்குச்சி மொண்டு கொடுத்தாள்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, அதுலயா நான் குடிச்சேன்?"

அக்கா பலகாரத் தட்டை நீட்டினாள்.

"பானைய அங்க வெச்சது யாருங்க? அந்தப் பொம்பள யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். "வேலைக்காரிங்க. கப்பல்ல கூட வந்தவ. நம்ம பழக்கம் தெரியாது."

சொன்னதோடு நிற்கவில்லை. அவர் நம்ப வேண்டும் என்று வெளியே போனேன். பானையைக் காலால் உதைத்தேன். உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. தெருக் கூட்டுகிறவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவு வராது என்று நான் நினைத்திருந்தேன். வேலைக்காரி என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும். குனிந்து ஓடு பொறுக்கினாள்.

மறுநாள் மண்டியிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தேன். சோறு மூடி வைத்திருந்தது. அவள் இல்லை. அவளுடைய இரண்டு சேலையும் இல்லை. முக்காலி மட்டும் வாசலில் நின்றது.

ஸ்டேஷனில் தேடினேன். பஸ் ஸ்டாண்டில் தேடினேன். பழனி ரோட்டில் இரண்டு நாள் நடந்தேன். பாஷை சரியாகத் தெரியாதவள். கையில் காசு இல்லாதவள்.

போலீசுக்குப் போனேன். "யாருய்யா அவ உனக்கு?" என்று கேட்டார் ஏட்டு. யோசித்துச் சொல்கிறோம் என்று போன தொப்பம்பட்டிக்காரர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்கா முகம் கண்ணுக்குள் வந்தது. "வீட்டு வேலைக்கு இருந்தவங்க" என்றேன்.

"என்ன தூக்கிட்டுப் போனா?"

"ஒன்னும் தூக்கலைங்க."

"அப்பறம் எதுக்குய்யா கண்ணு கலங்கி நிக்கிற? போ, போ. வேற ஆள் கிடைக்கும்."

ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். என்ன விண்ணப்பம் என்று போதகர் கேட்டார். "ஒரு பொருள் தொலஞ்சுபோச்சுங்கய்யா" என்றேன். பொருளுக்காகச் சபை முழங்கால்போட்டு ஜெபித்தது. மூன்று தரம் அவளை மறுதலித்தாயிற்று. ஆண்டவரை அப்படி மறுதலித்த பேதுருவுக்குச் சேவல் கூவியது. எனக்கு அதுகூடக் கூவவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. போக முகமில்லை. வாசலில் அந்த முக்காலி நின்றது. அதன் முன்னால் முழங்கால்போட்டேன். தெரு பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தது.

"ஆண்டவரே, அவள் என் பெண்சாதி" என்றேன். இந்த நாட்டுக்கு வந்து அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். பிறகு இதைக் கேட்டேன். "அவளை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வெயில் அடிக்கிறது. அவள் எங்கே இருந்தாலும் யாராவது அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கட்டும்."

எழுந்து உள்ளே போனேன். அக்காவிடம் சொன்னேன். "தொப்பம்பட்டிக்கு உள்ளத எழுதப் போறேன். எஸ்தர் எம் பொண்டாட்டின்னு."

"எம் புள்ள வாழ்க்கைய அழிச்சிராதடா" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ரோஸ் அடுப்படியில் இருந்து வந்தாள். "மொதல்ல அத்தையத் தேடிட்டு வாங்க மாமா. எனக்கு இன்னிக்கே கல்யாணம் ஆகணும்னு ஒன்னுமில்ல" என்றாள். ரோஸ் எஸ்தரை அத்தை என்றுதான் எப்போதும் கூப்பிட்டாள். நாங்கள் பெரியவர்கள்தான் உறவு சொல்லிக் கூப்பிடவில்லை.

கடிதம் எழுதினேன். நாலு வரி. தபாலில் போட்டேன். செவ்வாய்க்கிழமை மண்டியில் சொல்லிவிட்டு மதுரை ரோட்டில் நடந்தேன். அந்த ரோட்டில் இன்னும் தேடவில்லை.

சித்திரை வெயில். செருப்பு அறுந்துவிட்டது. எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். இந்தத் தரம் "எம் பொண்டாட்டியப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். சின்னாளப்பட்டி நெருங்கும்போது கண் இருட்டியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு வேப்பமரம் தெரிந்தது. அதன் அடியில் உட்காரலாம் என்று போனேன்.

மரத்தடியில் ஒரு பானை இருந்தது.

மூன்று கவட்டைக் கம்பு கட்டிய முக்காலி. மூடியின் மேல் கவிழ்த்த கொட்டாங்குச்சி. பானைக் கழுத்தில் ஒரு முழம் பூ. பூ வாடவில்லை.

இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பானை வைக்க ஒருத்திதான் உண்டு. நான் கீழே உட்கார்ந்து அழுதேன். அப்பா இறந்தபோதும் அழாதவன். பையனைப் புதைத்தபோதும் அழாதவன். அவளுக்கு யாராவது தண்ணீர் கொடுக்கட்டும் என்று கேட்டேன். ஆண்டவர் அவள் கையால் எனக்குக் கொடுத்தார். கொட்டாங்குச்சியில் வாய் வைத்துக் குடித்தேன்.

மரத்துக்கு எதிரே ஒரு நெசவுக்கார வீடு. வாசலில் எஸ்தர் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். கை நிற்கவில்லை.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். "யாரும்மா இந்த ஆளு? ஒன்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

எஸ்தர் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கப்பல்ல கூட வந்தவரு."

என் வார்த்தை. அப்படியே திருப்பிக் கொடுத்தாள். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கம்பக்கத்துத் தறிகள் நின்றுவிட்டன. நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் வேட்டியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றேன். "நான் இவ புருஷன்மா. இவளுக்கு ரொம்பப் பெரிய துரோகம் பண்ணிட்டேன். எல்லார் முன்னாடியும் வேலைக்காரின்னு சொல்லிட்டேன். கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "நல்ல புருஷன்தான்யா நீரு. வந்த அன்னிக்கு இவ எங்கிட்டக் கேட்ட மொதச் சாமான் என்ன தெரியுமா? சோறில்ல. பானை. பைத்தியமோன்னு நினைச்சேன். வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போம். வரலைன்னா இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒன்னும் பாரமில்ல."

எஸ்தர் சுற்றி முடித்த நூலை எடுத்து வைத்தாள். பிறகு பர்மா பாஷையில் ஒன்று கேட்டாள். "உன் வீட்டு வாசலில் பானை இருக்குமா?"

"நானே வாங்கி வைக்கிறேன்" என்றேன்.

அன்றே அவள் வரவில்லை. அந்த வார வேலை பாக்கி இருக்கிறது என்றாள். சனிக்கிழமை வரச் சொன்னாள். சனிக்கிழமை போனேன். வந்தாள்.

ஊருக்குள் வந்ததும் சந்தைக்குப் போனோம். பெரிய பானையாகப் பார்த்து வாங்கினேன். அவள் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. என் தலையில் வைத்து நாகல் நகர் தெரு முழுக்க நடந்தேன்.

"ஏலே சகாயம், என்னடா தலையில கிரீடம்?" என்றார்கள்.

"எம் பொண்டாட்டி பானை" என்றேன். இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். இரண்டு மூன்று தரம் சொன்னேன்.

தொப்பம்பட்டிச் சம்பந்தம் நின்றுபோயிற்று. மறைக்க ஒன்றுமில்லை. அக்கா ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நாங்கள் அடுத்த தெருவுக்குக் குடி மாறினோம். ரோஸுக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் நடந்தது. தாய்மாமன் சீர்த்தட்டை எஸ்தர்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

தெருக் கூட்டுகிறவரிடமும் போய்ச் சொன்னேன், தப்பு என்று. "அத விடுங்க சாமி" என்றார். ஆறு மாதம் அவர் எங்கள் பானைப் பக்கம் வரவில்லை. அவர் வர வேண்டும் என்று ஜெபித்தேன். ஒரு நாள் வந்து குடித்தார். அன்று எனக்கு இரண்டாம் தரம் ஜெபம் கேட்கப்பட்டது.

இது நடந்து மூன்று வருடம் ஆயிற்று. பெரிய சுகமோ செல்வமோ வந்ததாக எழுத எனக்கு இல்லை. இன்னும் மூட்டைதான் தூக்குகிறேன். சில நாள் அவள் கிழக்கே பார்த்துச் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளைப் பெற்றவள் இறந்துபோன செய்தி கடிதத்தில்தான் வந்தது. அதற்கெல்லாம் நான் ஈடு செய்ய முடியாது. வெட்கம் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் நானும் இருக்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் கோயிலுக்கு அவளோடு போகிறேன். கைலி கட்ட வேண்டும் என்று தோன்றினால் கட்டுகிறேன்.

ஜெபிக்க முகமில்லை என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதினேன். உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். பொருள் என்று சொன்னபோது ஆண்டவர் ஒன்றும் தரவில்லை. பெண்சாதி என்று சொன்ன மூன்றாம் நாள் தந்தார். அவருக்கே தோத்திரம்.

அக்கா இப்போது வருகிறாள். எங்கள் பானையில் குடிக்கவும் செய்கிறாள். இன்னும் அண்ணாந்துதான் குடிக்கிறாள். குடிக்கட்டும்.

நீங்கள் நாகல் நகர்ப் பக்கம் வந்தால் வாருங்கள். எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை, பூச் சுற்றியிருக்கும். இஷ்டப்படி குடியுங்கள். குடித்துவிட்டு, பானை வைத்தது யார் என்று என்னிடம் சத்தமாகக் கேளுங்கள்.

நான் பதில் சொல்ல வேண்டும்.