பாலைவனத்தில் ஆறு வந்த வெள்ளிக்கிழமை

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருடம் சரியாக நினைவில்லை. டிசம்பர் பள்ளி விடுமுறை என்பது மட்டும் நிச்சயம். அப்போது லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் ட்ராம் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் ஏழு வயது மகளும் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் ஒன்றில் உதவி ஆசிரியை. கணவர் மட்டும் அந்த வருடத் தொடக்கத்திலேயே வேலை கிடைத்து அல் ஐனுக்குப் போயிருந்தார்.

அல் ஐன், அமீரகத்தில் ஓமான் எல்லையோடு ஒட்டிய பாலைவன நகரம். ஒட்டிய என்றுகூடச் சொல்ல முடியாது. தெருவின் இந்தப் பக்கம் அல் ஐன், அந்தப் பக்கம் போனால் ஓமானின் புரைமி. வாடகை குறைவென்று பலர் புரைமியில் குடியிருந்துகொண்டு அல் ஐனில் வேலை செய்தார்கள். இவரும் அப்படித்தான். "காலமை ஒரு நாட்டில தேத்தண்ணி, பிறகு மற்ற நாட்டில வேலை" என்று போனில் சொல்லிச் சிரிப்பார்.

நாங்களும் அங்கே வந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. முக்கிய காரணம் மகளின் முட்டு வருத்தம். ஆஸ்துமாவை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அங்கேயுள்ள காய்ந்த காற்று அதற்கு நல்லது என்பார். லண்டன் வீட்டில் ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்காரர் வந்து பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். சில வாரத்தில் திரும்பவும் தலைகாட்டும். குளிர்காலம் முழுக்கப் பிள்ளை நெஞ்சு கீச்சிட்டபடிதான் நித்திரை கொள்வாள். நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் என் கைப்பையில் இருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் 'பம்ப்'.

எனக்கோ போக விருப்பமே இல்லை. வெயில், புழுதி, சொந்தபந்தம் இல்லாத ஊர், வேலை போனால் பெட்டியைக் கட்டச் சொல்லும் நாடு. எல்லாவற்றையும்விட, அது எல்லை ஊர் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வேலி, சோதனைச் சாவடி, அடையாள அட்டை என்று யாழ்ப்பாணத்தில் என் இளவயது முழுவதும் பார்த்தாயிற்று. மறுபடியும் ஓர் எல்லையின் பக்கத்தில் போய் ஏன் இருக்க வேண்டும்?

"ஒருக்கா வந்து பாருமப்பா. பிடிக்கேல்லையெண்டா நான் திரும்பி வாறன்" என்றார். சரி, பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வோம் என்றுதான் விமானம் ஏறினேன்.

அங்கே போய் முதல் இரண்டு இரவும் மகள் ஒரு இருமல்கூட இல்லாமல் தூங்கினாள். நான்தான் பழக்கதோஷத்தில் எழும்பி எழும்பி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் புழுதிக்காற்று அடித்தது. கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தும், சோற்றில் மணல் நறநறத்தது. மகளுக்கு முட்டு வந்துவிட்டது. "இதுதானே உங்கட காய்ஞ்ச காத்து?" என்று கேட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே புதிதாகக் கம்பி வேலி போடத் தொடங்கியிருந்தார்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து மனதுக்குள் 'வேண்டாம்' என்ற முடிவை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓமான் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு வாடிக்குக் கூட்டிப் போனார். வாடி என்றால் காய்ந்துபோன ஆற்றுப் படுகை. வெள்ளைக் கற்கள் பரவிக் கிடந்தன. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. தார்ச்சாலை அந்தப் படுகைக்குள்ளேயே இறங்கி மறுகரையில் ஏறியது. நாங்கள் மறுகரையில் ஒரு முள்மரத்தடியில் பாய் விரித்தோம். பக்கத்தில் ஓர் ஓமானிக் குடும்பம்: அந்த ஊர்ப் பெண்கள் வழக்கப்படி முகமூடி அணிந்த வயதான அம்மாவும், வளர்ந்த இரண்டு மகன்களும். கொஞ்சம் தள்ளி, அருகிலிருந்த தோட்டத்தில் வேலை செய்யும் நாலைந்து ஆண்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர்ப் போத்தலை வீட்டிலேயே விட்டுவிட்டோம். வந்த வழியில் பெட்ரோல் நிலையத்தில் ஒரு கடை இருந்தது. வாங்கி வருகிறேன் என்று இவர் காரை எடுத்துக்கொண்டு படுகையைக் கடந்து போனார். என் கைப்பை காருக்குள் இருந்தது. போனும் பம்பும் அதற்குள்.

எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது. தூரத்து மலைகளின் மேல் மட்டும் கருமை. முதலில் ஆடுகள்தான் அசைந்தன. படுகைக்குள் மேய்ந்த ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையில் ஏறின. பிறகு ஓமானி மகன்களில் ஒருவர் எழுந்து, எங்களைப் பார்த்து இரண்டு கைகளாலும் மேலே போகும்படி காட்டிக் கத்தினார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சுரங்க ரயில் வருவதற்கு முன் நிலையத்தில் காற்று தள்ளிக்கொண்டு வருமே, அந்த மாதிரி. மகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால், வளைவில் ஒரு பழுப்பு நிறச் சுவர் உருண்டு வந்தது. முன்னால் முள்செடியும் கட்டையும் நுரையும், பின்னால் தண்ணீர். கண் இமைக்கும் நேரத்தில் சாலையைக் காணோம். நாங்கள் பாய் விரித்த இடத்தைக் காணோம். பாறைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் காலடி நிலத்தின் வழியாக நெஞ்சுக்கு வந்தது. பயத்தையும் மீறி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மழையே பெய்யாத இடத்தில், வெயிலுக்குள்ளே ஓர் ஆறு பிறந்து ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அம்மா... பம்ப்..." என்ற குரலில்தான் நினைவு திரும்பியது. ஓடியதாலும் பயத்தாலும் மகளுக்கு முட்டுத் தொடங்கியிருந்தது. கழுத்துக்குழி உள்ளே உள்ளே இழுத்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. எதிர்க்கரையில் எங்கள் கார் வந்து நின்றது. அதற்குள் பம்ப். நடுவில் ஆறு.

கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. மகளைக் காட்டி, கைமுட்டியை வாயில் வைத்து அமுக்குவதுபோல் திரும்பத் திரும்பச் செய்துகாட்டினேன். அவருக்கு விளங்கியது. கைப்பைக்குள் தேடி, நீலப் பம்பை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். காட்டிவிட்டு அப்படியே தண்ணீருக்குள் இறங்கப் போனார். அங்கே நின்ற லாரியின் டிரைவர், பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணியர் போல நல்ல உயரம், ஓடிவந்து அவரை இடுப்போடு பிடித்து இழுத்தார்.

இங்கே அந்த ஓமானி அம்மா என் மகளை மடியில் முன்பக்கம் சாய்த்து உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் விளையாடியவர்களில் ஒருவர், எதிர்க்கரை டிரைவரோடு சைகையில் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, பயம் வேணாம். அந்தாள் எறியப் போறது. நான் பிடிக்கிறது" என்றார். கொச்சைத் தமிழ். சிங்களவர் என்று உடனே தெரிந்தது.

மேலே, கரைகள் கொஞ்சம் நெருங்கி வரும் இடத்துக்கு எல்லோரும் போனோம். எதிரே லாரி டிரைவர் தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்து எதையோ சுற்றிப் பந்தாகக் கட்டினார். பின்னால் போய், ஓடிவந்து எறிந்தார். அது ஆற்றின் பாதிக்கு மேல் வந்து தண்ணீருக்குள் விழுந்தது. மறைந்தே போனது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சிங்களத் தம்பிதான் என் தோளைத் தட்டி எதிர்க்கரையைக் காட்டினார். இவர் இன்னும் பம்பைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். முதலில் எறிந்தது வெறும் கல். தூரம் பார்க்க எறிந்தது. இரண்டாவது கல் இந்தக் கரையில் வந்து விழுந்தது. அதன்பிறகுதான் பம்பை வாங்கிக் கல்லோடு சேர்த்துக் கட்டினார்கள். பாறையில் விழுந்தால் உடைந்துவிடும். தண்ணீரில் விழுந்தால் போய்விடும். கையில்தான் விழ வேண்டும்.

ஓமானி மகன்கள் இருவரும் தங்கள் தலைத்துணிகளை முடிச்சுப் போட்டு அந்தத் தம்பியின் இடுப்பில் கட்டி, முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றார். எதிரே டிரைவர் ஓடிவந்தார். அந்த வெள்ளைப் பொட்டலம் மேலே, மேலே போய், சூரியனுக்குள் காணாமல் போனது. நான் கண்ணை மூடிவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது தம்பி தண்ணீரில் விழுந்து கிடந்தார். இரண்டு கைகளும் மட்டும் தண்ணீருக்கு மேலே, பொட்டலத்தோடு. மகன்கள் அவரை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

முதல் தடவை அமுக்கியபோது மகளால் சரியாக உறிஞ்ச முடியவில்லை. திரும்பவும் அமுக்கினேன். கொஞ்சம் பொறுத்து இன்னும் ஒரு தடவை. மெல்ல மெல்லக் கழுத்துக்குழி அடங்கியது. அந்த ஓமானி அம்மா சத்தமாக ஏதோ சொல்லி வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். எதிர்க்கரையில் இவர் நிலத்தில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் பக்கத்தில் இருந்து அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடியக் காத்திருந்தோம். ஓமானிக் குடும்பம் பேரீச்சம்பழமும் காப்பியும் தந்தது. தம்பியின் பெருவிரல் கல் பட்டு வீங்கியிருந்தது. என் சால்வையைக் கிழித்து, அவர்களின் ஐஸ் பெட்டித் தண்ணீரில் நனைத்துக் கட்டிவிட்டேன்.

"தமிழ் எங்க பழகினீங்கள், தம்பி?" என்று கேட்டேன்.

அவர் கட்டுப்போட்ட விரலையே பார்த்தார். பிறகு, "யாழ்ப்பாணம். ஆமியில இருந்தது, அக்கா. பிறகு ஏலாது எண்டு விட்டுட்டு இங்க வந்தது" என்றார். ராணுவத்தில் இருந்தது எந்த இடம் என்று கேட்டேன். எங்கள் ஊருக்கு அடுத்த ஊரின் பெயரைச் சொன்னார்.

அவர் தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அந்தச் சாவடிகளில் நின்றதும், எங்கள் வீட்டை விட்டு ஒரு பையோடு கிளம்பியதும் எல்லாம் ஞாபகம் வந்தன. கோபம் வரவில்லை. கட்டிய கட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டேன்.

"பிள்ளைக்கு இப்ப சுகம்தானே?" என்றார்.

"ஓம் தம்பி, சுகம்" என்றேன்.

பொழுது சாய முன் தண்ணீர் இறங்கியது. லாரி டிரைவர் இவரைத் தன் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். சின்ன வயதில் ஊர் அணியில் பவுண்டரி ஓரமாக நின்று பந்து எறிந்து பழகிய கை என்று வழியில் சொன்னாராம். மகளின் தலையில் கையை வைத்து ஏதோ ஒரு மொழியில் வாழ்த்தினார். பிறகு எங்களையும் கார் நின்ற கரையில் கொண்டுபோய் விட்டார். யாரிடமும் பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது ஒரு குறை.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "இனி இஞ்ச வரச்சொல்லி நான் கேக்கமாட்டன். வேலையை விட்டுட்டு வாறன்."

"வேண்டாம். நாங்கள் வாறம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை.

நாலு வருடம் அங்கே இருந்தோம். அது சொர்க்கமென்று சொல்லமாட்டேன். ஜூன் மாதத்தில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. வேலி போட்டு முடித்த பிறகு, நடந்து போய்வந்த சிநேகிதி வீட்டுக்குக் காரில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. புழுதி நாட்களில் மகளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தேன். ஆனாலும் பெரும்பாலான இரவுகளில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மழை வந்தால் ஊரே காரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போகும். நாங்களும் போவோம், மேட்டில் நின்றுதான்.

இப்போது மறுபடியும் லண்டனில் இருக்கிறோம். ஏதாவது புது நாட்டுக்குப் போகலாமா, அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யாராவது தயங்கிக் கேட்டால், வெயிலையும் புழுதியையும் வேலியையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்; அதோடு, நமக்காகத் தண்ணீரில் இறங்கப்போகிறவர் யார், எங்கிருந்து வருவார் என்பது புறப்படும்போது ஒருவருக்கும் தெரியாது என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.